ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ-ல ரிவர்ஸ் கேமரா போடணும், எந்த டைப்? வயரிங் எங்கிருந்து எடுக்கறது?

கோவைடர்போ:
வணக்கம் மக்களே. 2014 ஜிடி டிஎஸ்ஐ, 1.2 லிட்டர், 7 ஸ்பீடு டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர், செகண்ட் ஹேண்ட்ல எடுத்து ஓட்டிட்டு இருக்கேனுங்க. ஓட்டறதுல குறையே சொல்ல முடியாது, 105 பிஎஸ்-னு பேப்பர்ல பாத்தா கம்மியாத்தான் தெரியும், ஆனா 175 என்எம் டார்க் (இழுவை) கம்மி ஆர்பிஎம்லயே வந்துடறதால டவுனுக்குள்ள சும்மா அள்ளுது. பிரச்சனை ரிவர்ஸ்தானுங்க. பின் கண்ணாடி சின்னது, சி பில்லர் (பின் கண்ணாடி ஓரத்துத் தூண்) தடிமன், முன்னாடி ஓனர் வண்டியைத் தாழ்த்தற லோயரிங் ஸ்பிரிங் வேற போட்டு வச்சிருக்கார், உக்காந்தா பின்னாடி வர்ற ஸ்கூட்டியோட ஹெட்லைட் மட்டும்தான் தெரியும். சென்சார் இருக்கு, கத்தும், ஆனா எதுக்கு கத்துதுன்னு எறங்கிப் போய் பாத்தாத்தான் தெரியும். எங்க சந்துல ஒரு பக்கம் மூடி இல்லாத சாக்கடை, இன்னொரு பக்கம் வரிசையா பைக். சாக்கடைக்கு சென்சார் கத்தவே கத்தாது.

9 இன்ச் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ ஏற்கனவே இருக்கு, கேமரா இன்புட்டும் இருக்கு. நம்பர் பிளேட் லைட்டுக்கு பதிலா போடற டைப், பிளேட் ஃப்ரேம்லயே வர்ற டைப், பம்பர்ல ஓட்டை போட்டு சொருகற டைப்னு மூணு பாத்தேன். எது நல்லதுங்க? கடையில கேட்டா "ரிவர்ஸ் லைட் வயரை கட் பண்ணி ஜாயின்ட் போட்டுடுவோம், அரை மணி நேர வேலை"ங்கறாங்க, அந்த கட் பண்ற பேச்சைக் கேட்டாலே வயித்தைக் கலக்குது.

ரெட்லைன்:
ஜிடி வாங்கினவன் கேமரா கேக்குறான், காலம் கெட்டுப் போச்சு மச்சி 😂 மூணு கண்ணாடி இருக்கு, கழுத்து இருக்கு, திரும்பிப் பாரு. இந்த கேமரா, ஸ்கிரீன், கோடு எல்லாம் பழகிட்டா அப்புறம் கண்ணாடியப் பாக்கறதே மறந்துடும். அந்தக் காசுக்கு நல்ல பிரேக் பேட் மாத்து.

வயர்மேன்:
அவர் கேட்டது கேமராவப் பத்தி, நீங்க பிரேக் பேட் விக்கிறீங்க. சரி விடுங்க.

கோவை அண்ணே, மதுரையில ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலைதான் நமக்கு, அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். கேமரா எது வாங்கினாலும் பெருசா வித்தியாசம் இல்லண்ணே, கரண்டு எங்கிருந்து எடுக்குறோம், வயர் எந்த வழியா போகுது, இந்த ரெண்டுலதான் எல்லாமே இருக்கு. ஆயிரம் ரூபா கேமரா ஒழுங்கா வயரிங் பண்ணா பல வருஷம் ஓடும், அஞ்சாயிரம் ரூபா கேமராவ அரை மணி நேரத்துல மாட்டிவிட்டா அடுத்த மழைக்குள்ள திரும்ப கடைக்கு வந்துரும்.

ரிவர்ஸ் லைட் வயரை மெயினா கட் பண்ண விடாதீங்க. உங்க வண்டியில லைட்டெல்லாம் பிசிஎம்-ங்கிற கம்ப்யூட்டர்தான் ஓட்டுது, மாருதி 800 மாதிரி நேரா ஸ்விட்ச்ல இருந்து பல்புக்கு வயர் போகல. ஃபோக்ஸ்வேகன் குரூப் வண்டிகள்ல பல்பு ஃபியூஸ் போயிருக்கான்னு செக் பண்ண பிசிஎம் சின்னச் சின்ன பல்ஸ் அனுப்பிப் பாக்கும், சிலதுல பல்புக்குப் போற கரண்டே விட்டு விட்டுத்தான் போகும். பல்புக்கு அது தெரியாது, அதோட இழை சூடாவே இருக்கும். கேமராவுக்குள்ள இருக்குற சிப்புக்கு தெரியும். படம் துடிக்கும், கோடு கோடா வரும், இல்லன்னா ஸ்டீரியோ கேமரா ஸ்கிரீனுக்குப் போய்ட்டுப் போய்ட்டு திரும்ப வரும். கடைக்காரர் கேமரா பீஸ் கோளாறுன்னு மூணு கேமரா மாத்துவாரு, அப்பவும் அதே கதைதான். மீட்டர் வச்சுப் பாத்தாலும் சராசரி வோல்டேஜ்தான் காட்டும், துடிப்பு தெரியாது.

வழி என்னன்னா ரிலே, அதாவது உள்ள இருக்குற காயிலுக்கு கரண்டு வந்தா இன்னொரு லைனை ஆன் பண்ற ஸ்விட்ச். ரிவர்ஸ் லைட்ல இருந்து ரிலே காயிலுக்கு மட்டும் சிக்னல் எடுங்க. நடுவுல ஒரு டயோடு, 1என்4007 போதும், அதுக்கப்புறம் காயிலுக்கு பேரலலா 2200 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கெபாசிட்டர். துடிப்பை கெபாசிட்டர் நிரப்பிடும், ரிலே கடகடன்னு அடிக்காது. கெபாசிட்டர்ல பிளஸ் மைனஸ் பாத்து போடணும், திருப்பிப் போட்டா வெடிக்கும். கேமராவுக்கு கரண்டு தனியா, 1 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட இக்னிஷன் லைன்ல இருந்து ரிலே வழியா. கேமரா இழுக்குறது கால் ஆம்பியர் கூட இருக்காது, 21 வாட் பல்பே ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்குது, அதனால லோடு பத்தி பயமே வேணாம், சுத்தமான கரண்டு கிடைக்குதாங்கிறதுதான் விஷயம். இதையே ரெடிமேடா ஃபில்டர்னு டப்பாவுல போட்டும் விக்கிறாங்க, அதுவும் சரிதான்.

கோவைடர்போ:
வயர்மேன் அண்ணா, ரொம்ப நன்றிங்க, இவ்ளோ தெளிவா கடையில யாருமே சொல்லல. ஒரு டவுட்டு, ஸ்டீரியோ பின்னாடியே கேமரா பவர்னு ஒரு வயர் வருதே, அதுல இருந்து கேமராவுக்கு கரண்டு குடுத்துட்டா இந்த ரிலேவே வேணாம்ல?

வயர்மேன்:
குடுக்கலாம்ணே. ஆர்சிஏ-ங்கிற வீடியோ கேபிளோட ஒட்டி ஒரு மெல்லிசு சிவப்பு வயர் வரும் பாருங்க, முன்னாடி இருந்து பின்னாடி கரண்டு அனுப்பவோ, பின்னாடி இருந்து முன்னாடி ரிவர்ஸ் சிக்னல் அனுப்பவோ ஏதாவது ஒண்ணுக்குத்தான் அது ஆகும். ரெண்டுக்கும் வேணும்னா இன்னொரு வயர் இழுக்கணும். கேன்-ங்கிற வண்டியோட டேட்டா லைனோட பேசுற டப்பா உங்க ஸ்டீரியோவுல இருந்து, அதுவே கியர் ரிவர்ஸ்ல விழுந்தத கண்டுபிடிச்சு சொல்லிட்டா ரிவர்ஸ் லைட் பக்கமே போக வேண்டாம், அதுதான் எல்லாத்தையும் விட சுத்தமான வேலை. கேமரா இல்லாம சும்மா ரிவர்ஸ் போட்டுப் பாருங்க, ஸ்கிரீன் கறுப்பாகி சிக்னல் இல்லன்னு ஏதாவது எழுத்து வந்தா அந்த வசதி இருக்குன்னு அர்த்தம்.

ஓஎம்ஆர்வாசி:
நானும் போலோ ஜிடிதான், 2020 மாடல், 1.0 டிஎஸ்ஐ 110 பிஎஸ், டிஎஸ்ஜி இல்ல, 6 ஸ்பீடு டார்க் கன்வர்ட்டர். ஃப்ரேம் டைப் பத்தி ஒண்ணு சொல்றேன் ப்ரோ. 2019 ஏப்ரல் 1-க்கு அப்புறம் வந்த வண்டில எல்லாம் ஹை செக்யூரிட்டி பிளேட்தான், அத திருப்பி யூஸ் பண்ண முடியாத ஸ்னாப் லாக் வச்சு அடிச்சிருப்பாங்க. ஃப்ரேம் மாட்டணும்னா பிளேட்ட கழட்டணும், லாக் உடையும், அப்புறம் முறைப்படி திரும்ப பூட்ட அலையணும். என்கிட்ட ஒரு கடைக்காரர் "சாதா ஸ்க்ரூ போட்டுக்கலாம் சார்"னு அவ்ளோ ஈஸியா சொன்னாரு, வேணாம்னுட்டு வந்துட்டேன். உங்க 2014-ல பழைய பிளேட் இருந்தா இப்ப பிரச்சனை இல்ல, ஆனா நாளைக்கு புது பிளேட் மாத்துறப்போ ஃப்ரேம் இடிக்கும். ஃப்ரேமோட விளிம்பு எழுத்து மேல ஏறாமயும் பாத்துக்கணும், டிராஃபிக் போலீஸுக்கு வேற வேலையே வேணாம்.

நான் போட்டது பிளேட் லைட் டைப். நம்ம மாடலுக்குன்னே அளவெடுத்த மாதிரி வருது, ஓட்டையும் இல்ல ஒட்டும் இல்ல, வெளிய இருந்து பாத்தா கேமரா இருக்குன்னே தெரியாது. குறைன்னா அது நடுவுல இருக்காது, பிளேட் லைட் இருக்கற சைடுல இருக்கும், அதனால படம் ஒரு பக்கம் சாஞ்ச மாதிரி இருக்கும். மொதல்ல கொஞ்சம் எரிச்சலா இருக்கும், அப்புறம் பழகிடும்.

யாழ்ப்பெடியன்:
வணக்கம் அண்ணையாக்கள். யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். என்னட்ட ஸ்விஃப்ட் ஸ்போர்ட் இசட்சி32எஸ் நிக்குது, 1.6 எம்16ஏ எஞ்சின், ஜப்பானில ஓடிட்டு வந்த கார். இதுக்கு கமரா பூட்டேக்க வந்த சோலி வேற மாதிரி. காரோட வந்த ஜப்பான் செட் என்டிஎஸ்சி எண்ட வீடியோ முறையில வாற படம் மட்டும்தான் எடுக்கும், கடையில தந்த கமரா பால் (PAL) எண்ட வேற முறை. பூட்டினா படம் கறுப்பு வெள்ளையில வந்து மேல இருந்து கீழ உருண்டு கொண்டே நிக்குது. பூட்டின பெடியன் வயரைக் கழட்டிக் கழட்டிப் பூட்டுறான், ஒண்டும் சரிவரேல்ல. பிறகு கமராவைத் திருப்பிக் குடுத்து என்டிஎஸ்சி எண்டு எழுதினதை வாங்கிப் பூட்டினாப் பிறகுதான் படம் வடிவா வந்தது. ஆண்ட்ராய்டு செட் எண்டா ரெண்டையும் எடுக்கும், ஆனா அதுக்குள்ள வேற பிரச்சினை இருக்கு, சாதாக் கமராவோ ஏஹெச்டி கமராவோ எண்டு செட்டிங்ஸில சொல்லோணும்.

வயர்மேன்:
யாழ் தம்பி சொன்னது ரொம்ப முக்கியம். சாதா கேமரான்னா சிவிபிஎஸ், பழைய டிவி சிக்னல் மாதிரி. ஏஹெச்டி-ன்னா அதை விட தெளிவான படம், 720பி, 1080பி, அதுலயும் 25 ஃபிரேம், 30 ஃபிரேம்னு பிரிவு இருக்கு. அதே மஞ்சள் ஆர்சிஏ பின்னுதான் ரெண்டுக்கும், சொருகுனா அழகா உக்காரும், படம் மட்டும் வராது. கேமரா செத்துப்போச்சுன்னு தூக்கிப் போடுறதுல பாதி இந்த கேஸுதான். ஸ்டீரியோ ஏஹெச்டி எடுக்கும்னா ஏஹெச்டி-யே வாங்குங்க அண்ணே, 9 இன்ச் ஸ்கிரீன்ல சிவிபிஎஸ் படம் பாத்தா நனைஞ்ச பேப்பர் மாதிரி இருக்கும்.

எதுவா இருந்தாலும் ஒரு டிரிம்மையும் கழட்டுறதுக்கு முன்னாடி கேமரா, கேபிள், ஸ்டீரியோ மூணையும் கார் வெளிய வச்சே கனெக்ட் பண்ணி படம் வருதான்னு பாத்துருங்க.

தாமிரபரணிக்காரன்:
வயர் போற வழிய பத்தி யாரும் பேசலையே, நான் சொல்லுதேன் கேளுங்க. ஹேட்ச்பேக்ல டிக்கி கதவுக்கும் பாடிக்கும் நடுவுல கறுப்பு ரப்பர் குழாய் மாதிரி ஒண்ணு இருக்கும்லா, அதுக்குள்ளதான் டிக்கியோட எல்லா வயரும் போகும். கேமரா வயரும் அதுக்குள்ளதான் போகணும். எங்க ஊர்ல ஒரு கடையில குடுத்தேன், அந்தப் பய ரப்பருக்குள்ள நுழைக்க சோம்பேறித்தனப்பட்டு, கதவு விளிம்புல பீடிங் (தண்ணி புகாம தடுக்க ரப்பர் பட்டை) மேலயே வயர விட்டு மூடிட்டான். பாக்க ஒண்ணும் தெரியல. மழை வந்துச்சு பாத்துக்கிடுங்க, பீடிங்கு அந்த இடத்துல எழும்பி நின்னதுல தண்ணி உள்ள இறங்கி ஸ்டெப்னி கிடக்க குழியில குளம் கட்டிட்டு. கார்ப்பெட்டு நாத்தம் போக என்ன பாடு பட்டேன்னு எனக்குத்தான் தெரியும். கடையில கேட்டா "வண்டி பழசு சார்"ங்கான்.

அப்புறம் நானே பண்ணேன். ரப்பரோட ரெண்டு முனையும் மெதுவா நெம்புனா வெளிய வந்துரும். ஜன்னல் ஸ்கிரீன் கட்டுத ஸ்பிரிங் கம்பி இருக்குல்லா, பிளாஸ்டிக் உறை போட்டது, அதுதான் இதுக்கு லாயக்கு. கம்பிய மொதல்ல இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் விட்டு, முனையில ஆர்சிஏ பின்ன டேப் போட்டு ஒட்டி, பாத்திரம் கழுவுத சோப்ப தண்ணியில கலந்து வயர் மேல தடவி இழுத்தா வழுக்கிட்டு வந்துரும். பின் மொத்தமா இருக்கதால ஒரு இடத்துல மாட்டும், அங்க பலமா இழுத்தா உள்ள கிடக்க மத்த வயரும் சேந்து வரும், கொஞ்சம் பின்னால தள்ளி திருப்பி இழுக்கணும். பின் வாஷர் தண்ணி ஹோஸும் நிறைய வண்டியில அதே வழியிலதான் போகுது, அத நசுக்கிராதீங்க. எல்லாம் முடிஞ்சதும் டிக்கிய முழுசா தூக்கிப் பாருங்க, வயரு விறைப்பா நின்னா தப்பு, கொஞ்சம் தொளதொளன்னு விடணும். இல்லன்னா தெனமும் திறந்து மூடி திறந்து மூடி உள்ளயே அந்துரும். டிக்கி திறந்தா படம் வருது மூடுனா போகுதுன்னு யாராவது சொன்னா நேரா அந்த ரப்பரத்தான் பாக்கணும்.

ரெட்லைன்:
இவ்ளோ பாடு பட்டு ஒரு கேமரா தேவையா? நான் சொன்னது சும்மா கலாய்ப்பு இல்ல, நிஜமாவே சொல்றேன், லென்ஸ் எல்லாத்தையும் தூரமா காட்டும், அத நம்பி இடிச்சவனுங்க எனக்குத் தெரிஞ்சே இருக்கானுங்க.

ஓஎம்ஆர்வாசி:
ரெட்லைன், நீங்க எவ்ளோ நல்ல டிரைவரா இருந்தாலும் டிக்கிக்கு பின்னாடி தரையோட உக்காந்திருக்கற ரெண்டு வயசு குழந்தை எந்தக் கண்ணாடிலயும் தெரியாது, கழுத்த எவ்ளோ திருப்பினாலும் தெரியாது. அமெரிக்கால இதுக்கு சட்டமே வந்ததே அப்படித்தான். 2002-ல நியூயார்க் பக்கத்துல ஒரு அப்பா, டாக்டர் அவர், வீட்டு வாசல்ல வண்டிய ரிவர்ஸ் எடுக்கறப்போ தன் பையனையே ஏத்திட்டாரு, கேமரன் கல்பிரான்சன்னு பேரு, ரெண்டு வயசு. அந்தப் பையன் பேர்லயே சட்டம் வந்தது, 2008-ல கையெழுத்தாச்சு, இழுத்தடிச்சு கடைசியா 2018 மே மாசத்துல இருந்து அங்க எல்லா புது காருக்கும் கேமரா கட்டாயம். ரிவர்ஸ் போட்ட 2 செகண்டுக்குள்ள படம் வரணும், வண்டிக்கு பின்னாடி 20 அடி நீளம் 10 அடி அகலம் இருக்கற இடம் தெரியணும்னு ரூலே இருக்கு. நம்ம ஊர்ல 2019 ஜூலைல இருந்து சென்சார் மட்டும்தான் கட்டாயம், கேமரா இல்ல.

ரெட்லைன்:
குழந்தை விஷயம் ஒத்துக்கறேன். அந்த 2 செகண்ட் மேட்டர்லதான் சொல்றேன், உங்க ஆண்ட்ராய்டு செட்டு காலைல வண்டி ஸ்டார்ட் பண்ணதும் எழுந்து உக்காரவே அரை நிமிஷம் ஆகுது. போர்டிகோல இருந்து எடுக்கற முதல் ரிவர்ஸ்தான் ஆபத்தானது, அப்ப ஸ்கிரீன்ல கம்பெனி லோகோ சுத்திட்டு இருக்கும்.

வயர்மேன்:
இது நியாயமான பாயின்ட்டு. நல்ல செட்டுல ஆண்ட்ராய்டு எழுந்திருக்குறதுக்கு முன்னாடியே ரிவர்ஸ் சிக்னல் வந்தா கேமரா படத்த நேரா ஸ்கிரீனுக்கு அனுப்புற ஏற்பாடு இருக்கும், மட்டமான செட்டுல இருக்காது. கோவை அண்ணே, ராத்திரி பூரா நிறுத்தி வச்சிட்டு காலையில சாவி போட்ட உடனே ரிவர்ஸ் போட்டு பாருங்க. வரலன்னா படம் வர்ற வரைக்கும் வெயிட் பண்ணி எடுக்குற பழக்கம்தான் மருந்து.

கோவைடர்போ:
மாட்டியாச்சுங்க 🙏 பிளேட் லைட் டைப், ஏஹெச்டி 720பி. கேன் டப்பா ரிவர்ஸை கண்டுபிடிக்கல, அதனால வயர்மேன் அண்ணா சொன்னபடியே ரிலே, டயோடு, கெபாசிட்டர், கேமராவுக்கு தனி ஃபியூஸ். எலக்ட்ரீசியன் பையனை வீட்டுக்கே வரச்சொல்லி பக்கத்துலயே நின்னு பண்ண வச்சேன், இன்சுலேஷன் டேப்பை எடுத்தவன்கிட்ட வேணாம்னு சொல்லி சால்டர் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் (சூடு பண்ணா சுருங்கற குழாய்) போட வச்சேன், மொறைச்சுட்டே பண்ணான். படம் கல்லு மாதிரி நிக்குது, துடிப்பே இல்ல.

ஒரே ஒரு எரிச்சல் என்னன்னா டிஎஸ்ஜி-ல பி-ல (பார்க்) இருந்து டி-க்கு (டிரைவ்) போறப்போ நடுவுல ஆர் (ரிவர்ஸ்) வழியாத்தானே லீவர் போகுது, ஒவ்வொரு தடவையும் பாட்டு நின்னு கேமரா பளிச்சுன்னு வந்துட்டுப் போகுது. சிக்னல்ல பி போட்டு நிக்கற பழக்கம் இருக்கறதால ரொம்பவே தெரியுது. இதுக்கு ஏதாவது வழி இருக்குங்களா?

இன்னொண்ணு, மஞ்சள் சிவப்பு கோடு எல்லாம் பொய் சொல்லுதுங்க. சிவப்பு கோட்டுக்கு வெளிய இருக்கற சுவரு நெஜத்துல பம்பரை முத்தம் குடுக்கற தூரத்துல இருக்கு.

ஓஎம்ஆர்வாசி:
செட்டிங்ஸ்ல ரிவர்ஸ் டிலேன்னு இருக்கான்னு பாருங்க, அரை செகண்ட் வச்சா லீவர் தாண்டிப் போறது கணக்குல வராது. அதுக்கு மேல வைக்காதீங்க. ரிவர்ஸ் போட்டா பாட்டு சவுண்டு எவ்ளோ குறையணும்னும் நிறைய செட்டுல வச்சுக்கலாம்.

வயர்மேன்:
கோடு பொய் சொல்லத்தான் செய்யும்ணே. அது கேமராக்காரன் ஏதோ ஒரு உயரம், ஏதோ ஒரு சாய்வு வச்சு வரைஞ்சது. உங்க வண்டி லோயரிங் வேற, கேமரா அவன் நினைச்சதை விட கீழ இருக்கு, அப்ப கோடு விழுற இடமே மாறிரும். கேமரா வயர்ல சின்னதா ஒரு லூப் இருக்கும், அத கட் பண்ணா கோடு போயிரும். இன்னொரு லூப் கட் பண்ணா இடது வலது மாறிரும், அத மட்டும் தொட்டுறாதீங்க, பின் கேமரா கண்ணாடியில பாக்குற மாதிரி திருப்பித்தான் காட்டணும். எந்தக் கலரு எதுக்குன்னு கம்பெனிக்கு கம்பெனி மாறும், டப்பாவுல இருக்குற பேப்பரப் பாத்துட்டு கட் பண்ணுங்க. அப்புறம் ஸ்டீரியோவுல வர்ற கோட்டை நீங்களே நகத்திக்கலாம். சமதளத்துல வண்டிய நிறுத்தி, பம்பர்ல இருந்து அரை மீட்டர், 1 மீட்டர், 2 மீட்டர்ல சாக்பீஸ்ல கோடு போட்டு, சிவப்பை அரை மீட்டருக்கு கொண்டு வந்து வைங்க. படத்தோட அடியில பம்பர் விளிம்பு கொஞ்சமா தெரியணும், அது தெரியலன்னா கேமரா ரொம்ப மேல பாக்குதுன்னு அர்த்தம்.

ரெட்லைன்:
சாக்பீஸ் ஐடியா நல்லாருக்கு. ஏத்தத்துல அதுவும் பொய் சொல்லும்ங்கறத சேத்துக்கோங்க, பின்னாடி தரை மேல ஏறுச்சுன்னா கோடு காட்டறதை விட சுவரு பக்கத்துல இருக்கும்.

யாழ்ப்பெடியன்:
மழைக்காலத்தில கண்ணாடிக்குள்ள ஆவி படியுறது ஆருக்கும் இருக்கோ? ஐபி67 எண்டு போட்டிருக்கு, எனக்கு காலமையில பனி மூடினது போலதான் படம்.

வயர்மேன்:
ஐபி67-ன்னா ஒரு மீட்டர் தண்ணியில அரை மணி நேரம் முக்கினாலும் உள்ள போகக்கூடாதுன்னு கணக்கு தம்பி, ஆனா மலிவு கேமராவுல அந்த நம்பரை சும்மா அச்சடிச்சும் விக்கிறாங்க. வெளியில படியுற பனின்னா துணி வச்சுத் துடைச்சா போகும், உள்ளன்னா வாரண்டி இருக்கும்போதே மாத்திருங்க. வெயில்ல காய வச்சா போற மாதிரி இருக்கும், திரும்ப வரும்.

கோவைடர்போ:
டிலே அரை செகண்ட் வச்சேன், பாட்டு நிக்கறது போயிடுச்சுங்க. லூப் கட் பண்ணி பழைய கோட்டை எடுத்தாச்சு, ஞாயித்துக்கிழமை சாக்பீஸ் வேலை. காலைல முதல் ஸ்டார்ட்ல மட்டும் படம் வர கொஞ்சம் லேட்டாகுது, ரெட்லைன் சொன்னது அங்க சரிதான்.

தாமிரபரணிக்காரன்:
டிக்கி ரப்பரு ரெண்டு பக்கமும் ஒழுங்கா உக்காந்திருக்கான்னு ஒரு பக்கெட் தண்ணி ஊத்திப் பாத்தியளா?